அக்கரையில் ஊர்: கொரியப் பயணக் குறிப்புகள்

2025 அக்டோபர் 3, சியோல்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வழியெல்லாம் விளக்குக் கம்பங்களில் தேசியக் கொடி. இன்று நாடு தோன்றிய நாள், அரசு விடுமுறை. கி.மு. 2333-இல் தங்குன் என்ற அரசன் முதல் கொரிய நாட்டை நிறுவினான் என்பது தொன்மம். விண்ணுலக இளவரசன் ஒருவனுக்கும், கரடியாக இருந்து பெண்ணானவளுக்கும் பிறந்தவன் அவன். இதே தங்குனுடைய எலும்புகள் கிடைத்துவிட்டன என்று அறிவித்த வட கொரியா, தன் தலைநகர் பியோங்யாங் அருகே 1994-இல் மலைபோன்ற கல்லறை ஒன்றையும் கட்டி முடித்தது. புராண நாயகனுக்கு எலும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கட்டும். அவன்தான் பாட்டன் என்பதில் இரண்டு அரசுகளுக்கும் தகராறு இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கொரியர்களோடு வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட மொழிதான் எனக்குக் கைவசம். அப்போது உடன் இருந்த மேலாளர் ஒருவரின் தந்தை வடக்கிலிருந்து ஓடிவந்தவர். "அறுவடைத் திருநாள் வாரத்தில் போங்கள். கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் இருக்காது, ஆனால் நீங்கள் கேட்கிற கதைகளெல்லாம் அந்த வாரத்தில்தான் வெளியே வரும்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சூசொக் விடுமுறையில் வந்து இறங்கியிருக்கிறேன்.

மதியம் பியோங்யாங் நெங்மியான் (குளிர் நூடுல்ஸ்) கடை. வெளியே நீண்ட வரிசை; நின்றவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள். ஒரு கிண்ணம் 16,000 வோன், நம் பணத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். பக்வீட் மாவில் செய்த சாம்பல் நிற நூடுல்ஸ், பனிக்கட்டிபோல் குளிர்ந்த இறைச்சிச் சாறு, மேலே இரண்டு துண்டு மாட்டிறைச்சி, பாதி முட்டை. காரம் இல்லை, உப்பும் இல்லாததுபோல இருந்தது. கடுகு விழுதை எடுக்கக் கை நீட்டினேன். பக்கத்து மேசைப் பெரியவர் தலையை அசைத்துத் தடுத்தார். "முதலில் சாற்றைக் குடியுங்கள். மூன்றாவது முறை வந்து சாப்பிடும்போதுதான் ருசி தெரியும்" என்றார். ஆயிரம் ரூபாய் வீதம் மூன்று முறை என்று மனது கணக்குப் போட்டது.

2018 ஏப்ரல் 27 அன்று எல்லையிலுள்ள பன்முன்ஜொம்மில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்தபோது வடக்கின் கிம் ஜொங் உன் பியோங்யாங்கின் ஒக்ரியு உணவகத்திலிருந்து இந்த நூடுல்ஸை விருந்துக்கு வரவழைத்தார். அன்று மதியம் சியோலில் இப்படிப்பட்ட கடைகள் எல்லாவற்றிலும் கூட்டம் தெருவுக்கு வழிந்தது. வட கொரியாவைப் புகழ்ந்தால் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் பாயும் நாடு இது. பியோங்யாங் என்று பெரிய எழுத்தில் பலகை வைத்துப் பிழைக்கும் ஒரே தொழில் நூடுல்ஸ் கடைதான் போலும்.

அக்டோபர் 4, எல்லைப் பகுதி

சுற்றுலா பஸ். இம்ஜின் ஆற்றைக் கடக்கும் ஒருமைப்பாட்டுப் பாலத்தின் முகப்பில் இளம் சிப்பாய் ஒருவர் ஏறி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்த்தார். பிரேசில்காரர் ஒருவர் தம் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வந்திருந்தார். சிப்பாய் குரலை உயர்த்தாமல், பலமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரை இறக்கிவிட்டார். அவ்வளவு மரியாதையாக வெளியேற்றப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

இந்தப் பாலத்தின் வழியாகத்தான் 1998 ஜூனில் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். அவர் பிறந்த ஊர் தொங்சொன், இப்போது வட கொரியாவில் இருக்கிறது. சிறுவயதில் அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடியவர், கடனை வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு போனார். அக்டோபரில் இன்னும் 501. சென்னைச் சாலைகளில் அந்த நிறுவனத்தின் கார்கள் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

மூன்றாவது ஊடுருவல் சுரங்கம் 1978-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தரையிலிருந்து 73 மீட்டர் ஆழம், மொத்த நீளம் 1,635 மீட்டர். வடக்கிலிருந்து சியோலை நோக்கித் தோண்டியது. பிடிபட்டபோது, இது நிலக்கரிச் சுரங்கம் என்று சொல்லிக் கருங்கல் சுவரில் கரியைப் பூசிவைத்தார்களாம். விரலால் தேய்த்துப் பார்த்தேன், கறுப்பு ஒட்டியது. தலைக்கவசம் கொடுத்தது எதற்கு என்று உள்ளே பத்தடி நடப்பதற்குள் புரிந்துவிட்டது. இடித்த சத்தம் கேட்டு முன்னால் போன கொரியச் சிறுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏறி வரும் சரிவில் முழங்கால் கழன்றுவிடும் என்று தோன்றியது.

தோரா குன்றின் மேலிருந்து தொலைநோக்கியில் வடக்கின் கேசொங் நகரம் தெரிகிறது. இருதரப்பும் சேர்ந்து நடத்திய தொழிற்பேட்டை அங்கேதான் இருந்தது. தெற்கின் முதலாளிகள், வடக்கின் தொழிலாளர்கள். 2016 பிப்ரவரியில் மூடியது. அதே வளாகத்தில் திறந்த தொடர்பு அலுவலகத்தை 2020 ஜூனில் வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. அருகில் இரண்டு கிராமங்கள், இரண்டு கொடிக் கம்பங்கள். தெற்கு ஏறக்குறைய 100 மீட்டரில் நட்டது. வடக்கு 160 மீட்டரில் பதில் சொன்னது. சம்பந்திச் சண்டையில் பந்தலை உயர்த்திக்கொண்டே போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பஸ்ஸில் பேச வந்த பெண்மணி வடக்கின் ஹேசானிலிருந்து சீனா வழியாக வந்தவர். நாற்பது வயதிருக்கும். நதியைக் கடந்ததைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். அதற்கெல்லாம் தயாரான விடைகள் வைத்திருந்தார். வேலை தேடியதைப் பற்றிக் கேட்டபோதுதான் குரல் மாறியது. "தொலைபேசியில் என் உச்சரிப்பைக் கேட்டதும், சீனாவிலிருந்து வந்த கொரியரா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வடக்கு என்றால் வேலை கிடைக்காது. ஒரே இரத்தம் என்று பள்ளியில் எங்களுக்கும் சொன்னார்கள், இவர்களுக்கும் சொன்னார்கள்." வழிகாட்டி உடனே பேச்சை சோயா ஐஸ்கிரீமுக்குத் திருப்பினார். ஜங்தான் சோயா இந்த ஊரின் பெருமை. ஐஸ்கிரீம் 4,000 வோன், வறுத்த கடலைமாவு வாசம், அருமை.

இங்கே நம்மவர்களின் தடமும் ஒன்று உண்டு. 1950-53 கொரியப் போர் நின்ற பின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல்காத்தது, ஜெனரல் திம்மையா தலைமை வகித்த நடுநிலை நாடுகள் ஆணையத்தின் கீழ் வந்த இந்தியப் படை. தெற்கும் வேண்டாம், வடக்கும் வேண்டாம் என்று சொன்ன 88 பேரை, அதில் 76 பேர் கொரியர்கள், அந்தப் படை தன்னோடு கப்பலில் கூட்டிவந்தது. 1954 பிப்ரவரியில் அவர்கள் இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள். வழிகாட்டிக்கு இது புதிய செய்தி. கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 6, இம்ஜின்காக்

நேற்று முழுக்க நடந்து ஓய்ந்த காலுக்கு ஓய்வு. இன்று சூசொக். சியோல் ஊரடங்கு போட்டதுபோல் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய் முன்னோர் கல்லறையில் புல்வெட்டி, படையல் வைத்து வணங்கும் நாள். ஊருக்குப் போக முடியாதவர்கள் முன்சானுக்கு ரயில் பிடித்து இம்ஜின்காக் வருகிறார்கள். வடக்கே சாதாரண ஜனம் போகக்கூடிய இடம் ஏறக்குறைய அதுதான் கடைசி.

காலையிலிருந்து தூறல். பலிபீடம்போல் கட்டிய மேடைக்குப் பின்னால் வரிசையாகக் கல் திரைகள், அவற்றில் வடக்கு மாகாணங்களின் மலைகளும் கோயில்களும். 1985-இல் கட்டியது. ஆப்பிள், பேரிக்காய், காய்ந்த மீன், சோங்பியோன் என்ற அரிசிக் கொழுக்கட்டை எல்லாம் படைத்திருந்தார்கள். கோட்டு போட்ட கிழவர்கள் ஈரத்தரையில் மண்டியிட்டு நெற்றி படக் கும்பிட்டார்கள். எழுந்திருக்கப் பேரப்பிள்ளைகள் கைகொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு நூறடி தள்ளிக் குழந்தைகள் பூங்கா. அங்கே கப்பல் ராட்டினம் மேலே போகும்போதெல்லாம் கூச்சல். யாரும் முகம் சுளிக்கவில்லை. கும்பிட்டு முடித்த ஒரு குடும்பம் நேரே ராட்டினத்துக்கு டிக்கெட் எடுக்கப் போனது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுத் துளைகளோடு நிற்கும் பழைய ரயில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி, கேட்காமலே, காகிதத் தட்டில் இரண்டு கொழுக்கட்டையை நீட்டினார். உள்ளே எள்ளும் சர்க்கரையும். ஏறக்குறைய நம் பூரணம்தான். "அம்மா இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "போன் செய்தாயா?"

அவர் வடக்கின் ஹ்வாங்ஹே மாகாணத்தில் பிறந்தவர். 1951 ஜனவரிக் குளிரில் அப்பாவின் முதுகில் வந்தார். அப்போது ஆறு வயது. படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டு வர மனமில்லாமல் அம்மா அங்கேயே தங்கிவிட்டார். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்பதுதான் பேச்சு. 1983-இல் கே.பி.எஸ். தொலைக்காட்சி பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அப்பா அட்டையில் பெயர் எழுதிக்கொண்டு யொயிதோ திடலில் பல இரவுகள் நின்றாராம். அந்த நிகழ்ச்சி 138 நாட்கள் ஓடியது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. ஆனால் அது தெற்குக்குள் தொலைந்தவர்களுக்குத்தான். எல்லைக்கு அப்பால் இருப்பவர்களைப் பார்க்க அரசிடம் பதிய வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். பதிந்தவர்கள் 1,30,000-க்கு மேல். பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். 2018 ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு சந்திப்பும் நடக்கவில்லை. கும்காங் மலையில் அதற்கென்று கட்டிய மாளிகையையும் 2025-இல் வடக்கு இடிக்கத் தொடங்கியது.

"எங்கள் மீது கோபம் என்றால் இருக்கட்டும். கட்டடம் என்ன செய்தது?" என்றார் பாட்டி. அழவில்லை, நல்ல எரிச்சலில் இருந்தார். கூட நின்ற மகன், ஐம்பதைத் தாண்டியவர், சூழலை இலகுவாக்க ஒன்று சொன்னார்: ஹ்வாங்ஹே மாகாணத்துக்கு சியோலில் ஓர் ஆளுநர் இருக்கிறாராம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். வடக்கின் ஐந்து மாகாணங்களுக்கும் தென் கொரிய அரசு இன்றும் ஆளுநர்களை நியமிக்கிறது. அலுவலகமும் சம்பளமும் உண்டு. ஆள்வதற்கு மண் மட்டும் கிடையாது.

திரும்ப டாக்சி இல்லை, ரயிலும் போய்விட்டது. மழையில் நடந்து, திறந்திருந்த ஒரே கடையில் முக்கோணக் கிம்பாப் (1,500 வோன்) தின்றுகொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 7, கியோதொங் தீவு

கங்ஹ்வாவுக்கு மேற்கே உள்ள சிறு தீவு. 2014-இல் பாலம் வந்தது. பாலத்துக்கு முன் ஈரச் சீருடையில் கடற்படைச் சிப்பாய்கள் பெயர், எண் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள்.

தேரியொங் சந்தை இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் அகலம். எதிர்க்கரையில் இருக்கும் யொன்பேக் சமவெளியிலிருந்து போரின்போது படகில் வந்தவர்கள், தங்கள் ஊர்ச் சந்தையின் சாயலில் போட்ட கடைகள் இவை. இந்த யொன்பேக்கின் கதையைத்தான் இன்று முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். 1945 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு, வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு வரைபடத்தைப் பிரித்து 38-ஆம் அட்சரேகையில் கோடு போட்டார்கள். கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. அந்தக் கோட்டின்படி யொன்பேக் தெற்கைச் சேர்ந்தது. போர் முடிந்து 1953-இல் வந்த புதிய கோட்டின்படி வடக்குக்குப் போய்விட்டது. நெல் அறுக்கத் திரும்பிவிடலாம் என்று மூன்று கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி வந்தவர்கள், எந்தக் கட்சிக்கும் கொடிபிடிக்காதவர்கள், தண்ணீருக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள்.

சந்தையில் யொன்பேக் வகை அரிசிப் பலகாரம் வாங்கினேன். நாய்க்குட்டி என்று பெயர். உருவமும் கண் திறக்காத குட்டி போலத்தான். உள்ளே சிவப்புப் பயறு, வெளியே பயற்று மாவு. பொட்டலம் 5,000 வோன். கடைக்காரம்மா இன்னொன்றைத் தனியே கையில் கொடுத்துத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தேநீர்க் கடையில் மூலிகைக் கஷாயத்தில் பச்சை மஞ்சள்கரு மிதக்கவிட்டுத் தந்தார்கள். மஞ்சள்கருவைக் கலக்காமல் முழுதாக விழுங்க வேண்டும் என்றார்கள். விழுங்கினேன். இனி வேண்டாம்.

தேநீர்க் கடைப் பேச்சு முழுவதும் சத்தத்தைப் பற்றி. 2024 கோடையிலிருந்து வடக்கு ஒலிபெருக்கிகளை வைத்து இரவும் பகலும் ஊளை, உலோகம் உரசும் ஓசை, பேய்ச் சிரிப்பு போன்றவற்றை இந்தக் கரைகளை நோக்கி விட்டுக்கொண்டிருந்தது. தெற்கின் ஒலிபெருக்கிப் பிரசாரத்துக்கு அது எதிர்வினை. இந்த ஆண்டு ஜூனில் தெற்கு நிறுத்தியது, மறுநாளே வடக்கும் நிறுத்தியது. "ஒரு வருடம் நாய்கூட உறங்கவில்லை. நிறுத்துவதற்கு ஒரு நாள் போதுமாம்" என்றார் கடைக்காரர்.

தீவின் வடமுனைக் குன்றில் சிறிய மேடையும் தொலைநோக்கியும். மேகம் விலகி நன்றாகத் தெரிந்தது. பொன்னிற வயல், வெள்ளை வீடுகள், மிதிவண்டியில் போகும் ஒருவர். அந்தக் கரையிலிருந்து சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒருவர் கடல் வற்றிய நேரம் பார்த்து இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். சேற்றைப் பார்த்தால் நடக்கலாம்போலத்தான் இருக்கிறது. முள்வேலிக்கு இந்தப் பக்கம் நெல் அறுவடை இயந்திரம், அந்தப் பக்கம் அரிவாளோடு குனிந்த வரிசை.

அக்டோபர் 8, சொக்சோ

சூசொக் முடிந்து நாடே சாலையில் இருந்தது. இரண்டரை மணிப் பயணம் ஐந்தரை மணி ஆனது. வழியில் வால்நட் கேக்கும் வெண்ணெய் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. பக்கத்து இருக்கைப் பெண் குமட்டலுக்கு எலுமிச்சை மிட்டாய் தந்தார்.

அபாய் கிராமத்துக்கு இழுவைப் படகில் போக வேண்டும். 500 வோன். மோட்டார் கிடையாது, இரும்புக் கொக்கியை வடத்தில் மாட்டிப் பயணிகளே இழுக்கிறார்கள். கால்வாய் ஒரு கல்லெறி அகலம்கூட இல்லை. 1950 டிசம்பரில் வடக்கின் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் மக்களைக் கப்பல்களில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்தார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் மட்டும் 14,000 பேர். அப்படி வந்த ஹாம்கியோங் மாகாண மக்களில் பலர், சீக்கிரம் திரும்புவதற்கு வசதி என்று, போர் முனைக்கு அருகில் இருந்த இந்த மணல்திட்டில் குடிசை போட்டார்கள். மணலில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும்; அதனால்தான் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

இப்போது தெரு முழுக்க உணவகம். பன்றிக் குடலில் ஒட்டரிசியும் காய்கறியும் இரத்தமும் அடைத்த அபாய் சுண்டே, கணவாய்க்குள் அடைத்து முட்டை தோய்த்துப் பொரித்தது, தினையோடு புளிக்கவைத்த தட்டைமீன். மூன்றும் சேர்ந்த தட்டு 30,000 வோன். தட்டைமீன்தான் எனக்குப் பிடித்தது. காரம், புளிப்பு, முள்ளோடு மென்று தின்னலாம். கடையை நடத்துபவர் ஓடிவந்தவரின் பேத்தி, முப்பது வயது. ஹாம்கியோங்கைப் பற்றிக் கேட்டேன். "தாத்தாவுக்கு ஊர், எனக்குச் சமையல் குறிப்பு" என்றார். ஒன்றுசேர வேண்டுமா? தோளைக் குலுக்கினார். "போர் வேண்டாம். அவர்கள் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. வரியை நாங்கள்தானே கட்டுவோம்?" இதில் கொடுமை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வடக்கின் தலைவரும் 2023 இறுதியில், இனி இது ஓர் இனத்தின் இரண்டு பாதிகள் அல்ல, பகை நாடுகள் என்று அறிவித்துவிட்டார். பியோங்யாங்கின் ஒருமைப்பாட்டு வளைவையும் இடித்தாயிற்று. அவர் சொன்னது பகை. இந்தப் பெண் சொன்னது களைப்பு. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிற செய்தித்தாள் பத்திகளை இனி நம்ப முடியாது.

அக்டோபர் 9, ஹ்வாஜின்போ, கோசொங்

மறுபடியும் கொடிகள். இன்று கொரிய எழுத்துத் திருநாள். செஜொங் அரசர் 1446-இல் எழுத்தை மக்களுக்கு அறிவித்த நாள் தெற்குக்கு விழா. அதை உருவாக்கிய நாளை வடக்கு ஜனவரி 15-இல் கொண்டாடுகிறது. ஒரே அரசர், ஒரே எழுத்து, விடுமுறை மட்டும் சேர்ந்து வரக்கூடாது.

ஹ்வாஜின்போ ஏரிக்கரையில் வட கொரியாவின் முதல் தலைவர் கிம் இல்-சுங் தங்கிய கல் மாளிகையும், தென் கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ தங்கிய வீடும் ஒரு நடைதூரத்தில் இருக்கின்றன. போருக்கு முன் இந்தக் கடற்கரை வடக்குக்குச் சொந்தம், பின் தெற்குக்கு. எதிரிகள் இருவருக்கும் ஒரே பைன் காட்டில் ஓய்வெடுக்கத்தான் பிடித்திருக்கிறது. கல் மாளிகைப் படிக்கட்டில் 1948-இல் எடுத்த படத்தில் கிம் இல்-சுங்கின் மகன் கிம் ஜொங்-இல் சிறுவனாக உட்கார்ந்திருக்கிறார். அதே படியில் உட்கார்ந்து படம் எடுக்கப் பெரிய வரிசை. எனக்கு முன்னால் இருந்த காதலர்கள் ஆறு படங்கள் எடுத்தார்கள்.

அங்கிருந்து கோசொங் கண்காணிப்புக் குன்று. இந்த மாவட்டமே இரண்டாகப் பிளந்தது. எல்லைக்கு அப்பாலும் கோசொங் என்ற பெயரில்தான் ஒரு மாவட்டம் இருக்கிறது. கும்காங் மலையின் கடலோரச் சிகரங்கள் தெரியும் என்றார்கள். தெரிந்தது மூடுபனி. டாக்சிக்கு 40,000 வோன் கொடுத்து வந்தவனுக்கு வயிறு எரிந்தது.

பக்கத்தில் ஒரு கிழவர் தொலைநோக்கியைப் பிடித்தபடி அரை மணி நேரமாகப் பனியைத் திட்டிக்கொண்டிருந்தார். பேரன் பொறுமையிழந்து கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நீட்டினான். கிழவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். ஓடை வளைவைக் கண்டுபிடித்தார், பள்ளிக்கூடம் இருந்த மேட்டைக் கண்டுபிடித்தார். பிறகு சண்டை தொடங்கியது. இந்தப் பாலம் முன்பு இங்கே இல்லை, தள்ளி இருந்தது என்றார். "தாத்தா, எழுபத்தைந்து வருடம் ஆகிவிட்டது, புதிதாகக் கட்டியிருப்பார்கள்" என்றான் பேரன். வெள்ளம் வந்தால் அந்த இடத்தில் பாலம் நிற்காது, கட்டியவன் மடையன் என்றார் கிழவர். என்னைச் சாட்சிக்கு அழைத்தார். பொறியாளர்தானே, இந்தியர்கள் எல்லோரும் பொறியாளர்கள்தானே, பார்த்துச் சொல்லுங்கள் என்று கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். ஓடை அந்த இடத்தில் உண்மையிலேயே கூர்மையாக வளைந்தது. கிழவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றேன். பேரன் தலையில் அடித்துக்கொண்டான். கிழவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம் என்றார். பாலத்தை எங்கே கட்டியிருக்க வேண்டும் என்று காகிதக் கைக்குட்டையில் வரைந்து காட்ட வேண்டுமாம்.